ஜேம்ஸ் மன்றோவின் பழைய பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஐந்தாவது அதிபர் ஜேம்ஸ் மன்றோ, ஓய்வு பெற்ற பின் தம் பழைய தூதுப்பணிச் செலவுகளைத் திருப்பித் தருமாறு அரசிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால், கேட்பவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே வரிசையில் ஐயங்கள் வருகின்றன. பெரும்பாலோர் "பாவம், பெரிய மனிதரை இப்படி அலையவிட்டார்களே" என்று தொடங்குவார்கள், சிலர் "இத்தனை பெரிய பதவியில் இருந்தவருக்குப் பேராசையா?" என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது என் எண்ணம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

மன்றோ கோட்பாடு என்று பள்ளியில் படித்தோமே, அந்த மன்றோதானா இவர்?

அவரேதான். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் புதிதாகக் குடியேற்றம் அமைக்கக் கூடாது என்று 1823 டிசம்பரில் அறிவித்தவர். 1758இல் வர்ஜீனியாவில் பிறந்து, விடுதலைப் போரில் படை அதிகாரியாகச் சண்டையிட்டு, செனட் உறுப்பினர், பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் தூதர், வர்ஜீனியாவின் ஆளுநர், வெளியுறவுச் செயலர், போர்ச் செயலர் என்று வரிசையாகப் பதவிகளில் இருந்து, 1817 முதல் 1825 வரை இரண்டு முறை அதிபராக இருந்தார். பணத் தகராறு அதிபர் பதவியைப் பற்றியது அன்று. அதற்கு முந்தைய தூதுப்பணிகளைப் பற்றியது. இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு வரும் பல குழப்பங்கள் எழாது.

எட்டு வருடம் அதிபராக இருந்தவருக்கு எப்படிக் கடன் வரும்? ஓய்வூதியம் இல்லையா?

இல்லை. முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் அமெரிக்காவில் 1958இல்தான் வந்தது. மன்றோ 1825 மார்ச் மாதம் பதவியைவிட்டு இறங்கியபோது அவருக்கு வயது 66; கடன் ஏறத்தாழ 75,000 டாலர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதிபரின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். ஆனால் மாளிகைப் பணியாளர்களுக்கான கூலி, விருந்துகள், குதிரைகள், வண்டிகள் என்று ஏறக்குறைய எல்லாமே அந்தச் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். மன்றோ விருந்தோம்பலில் கை சுருக்கியவரும் அல்லர். நாட்டின் கௌரவம் தலைவரின் மேசையிலும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் பாரிஸ் நாள்களிலிருந்தே இருந்தது.

தூதர் என்றால் அரசு செலவில்தானே போவார்? கைக்காசு எங்கே வந்தது?

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இன்று ஒரு தூதருக்கு அரசே வீடு, அலுவலகம், ஊழியர்கள், வண்டி எல்லாவற்றையும் தருகிறது. 1790களில் அமெரிக்கத் தூதருக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தூதருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9,000 டாலர். சொந்தப் பிழைப்பும் பதவிச் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இதற்கு மேல் 'ஆயத்தப் படி' என்று ஒன்று உண்டு: புது ஊரில் வீடு பிடித்து, சாமான் வாங்கி, வண்டி அமர்த்தி, அரசவைக்கேற்ற உடை தைத்துக்கொள்வதற்காக ஒரே ஒருமுறை தரப்படும் தொகை. அது ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தபால் கட்டணம், ஆவணங்களைப் படியெடுத்தல், தூதாள் அனுப்புதல் போன்றவை சில்லறைச் செலவினம் என்ற தலைப்பில் தனியாக எழுதப்படும். அவற்றுக்குச் சீட்டுக் காட்ட வேண்டும்.

விதி எளிமையாகத்தான் தெரிகிறது. ஆனால் கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் ஆகும் காலத்தில், எதைச் செலவழிக்கலாம் எதைச் செலவழிக்கக் கூடாது என்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு தூதர் காத்திருக்க முடியாது. முதலில் தம் பெயரில் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பின்னால் கணக்குக் காட்டுவதே வழக்கம். பின்னால் காட்டும் அந்தக் கணக்கை யார் ஏற்பது, எதை வெட்டுவது என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும்.

அப்படியானால் மன்றோ எவற்றையெல்லாம் கேட்டார்?

இரண்டு தூதுப்பணிகளிலிருந்து கேட்டார். முதலாவது 1794 முதல் 1797 வரை பிரான்சில். இரண்டாவது 1803இல் தொடங்கி, பாரிஸ், லண்டன், மாட்ரிட், மறுபடி லண்டன் என்று 1807 வரை நீண்டது. கோரிக்கைகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்: பணி முடிந்தும் நாடு திரும்ப முடியாமல் தங்கிய காலத்துக்கான ஊதியம், புதிய நாட்டுக்கு மாற்றப்பட்டபோது தரப்படாத ஆயத்தப் படி, ஏற்கப்படாத சில்லறைச் செலவினங்கள், இவை எல்லாவற்றின் மீதும் இத்தனை ஆண்டுகளுக்கான வட்டி. மொத்தக் கோரிக்கை 53,000 டாலரைத் தாண்டியது. அதில் வட்டியின் பங்கு பெரிது. அதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வி இருக்கிறது.

அந்தத் தொகை இன்றைய கணக்கில் எவ்வளவு?

விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பெருக்கிச் சொல்லும் எண்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தக் காலத்துக்குள்ளேயே ஒப்பிடுவது மேல். ஒரு தூதரின் ஏறத்தாழ ஆறு ஆண்டுச் சம்பளம்; ஓர் அதிபரின் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கும் சற்று அதிகம். அவருடைய மொத்தக் கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இதைக்கொண்டு அடைத்திருக்கலாம்.

பிரான்சிலிருந்து திருப்பி அழைத்துவிட்டார்களே, அதன் பிறகும் சம்பளம் கேட்டால் எப்படி?

நியாயமான கேள்வி. நடந்ததைச் சொல்கிறேன். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்த சில நாள்களில், 1794 ஆகஸ்ட் தொடக்கத்தில், மன்றோ பாரிஸ் வந்து சேர்ந்தார். புரட்சிக் குடியரசின் மீது அவருக்கு இருந்த அனுதாபம் வெளிப்படையானது; பிரிட்டனோடு உறவைச் சீராக்க விரும்பிய ஜார்ஜ் வாஷிங்டனின் அரசுக்கு அது பிடிக்கவில்லை. 1796 ஆகஸ்டில் எழுதப்பட்ட திருப்பியழைப்புக் கடிதம் நவம்பரில் அவர் கைக்கு வந்தது. டிசம்பர் இறுதியில் பிரெஞ்சு அரசிடம் முறைப்படி விடைபெற்றார். அதோடு அவருடைய பதவி முடிந்தது; சம்பளமும் நின்றது.

ஆனால் குளிர்காலத்தின் நடுவில், மனைவியையும் சிறு பெண்ணையும் அழைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடப்பது ஆபத்தானது. 1797 வசந்தத்தில்தான் கப்பலேறினார். இடைப்பட்ட மாதங்களில் பாரிஸில் வீட்டுச் செலவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்னைத் திருப்பி அழைத்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது அரசு, ஆகவே காத்திருப்பின் செலவும் அரசுடையது என்பது அவர் வாதம். பதவி முடிந்த நாளோடு கணக்கு முடியும் என்பது அதிகாரிகளின் வாதம். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அதிகாரிகள் பக்கமே வலுவாகத் தெரிகிறது. இருந்தாலும் தூதரை வெளிநாட்டுக்கு அனுப்பும் எந்த அரசும் அவரைத் திரும்பக் கொண்டுவரும் காலத்தையும் தன் கணக்கில் வைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

பாரிஸில் அவர் புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெயினைத் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டாராமே, அதையும் அரசுதான் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைச் சற்றுக் கேலியாகத்தான் கேட்பார்கள். ஆனால் இது சரியான இடத்தைத் தொடுகிறது. பாரிஸின் லக்சம்பர்க் சிறையில் நோயுற்றுக் கிடந்த தாமஸ் பெயினை, அவர் அமெரிக்கக் குடிமகன் என்று வாதாடி 1794 நவம்பரில் மன்றோ விடுவித்தார். பெயின் அதன் பிறகு நெடுநாள் மன்றோவின் வீட்டிலேயே தங்கினார். அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் மனைவி அட்ரியேன் சிறையில் இருந்தபோது, மன்றோவின் மனைவி எலிசபெத் தூதரின் வண்டியிலேயே சிறை வாசலுக்குப் போய் அவரைப் பார்த்தார்; 1795 ஜனவரியில் அட்ரியேன் விடுதலையானார்.

இவை பொதுப்பணியா, தனிப்பட்ட அன்பா? அமெரிக்கக் குடிமக்களைக் காப்பது தூதரின் கடமை. பெயினை விடுவித்ததுவரை கடமை; விடுவித்த பின் மாதக்கணக்கில் வைத்துப் பராமரித்தது நட்பு. மன்றோவின் வாழ்க்கை முழுவதிலும் இந்த எல்லைக்கோடு கலங்கலாகவே இருந்தது. பிற்காலத்தில் அவர் செலவுகளைப் பட்டியலிட உட்கார்ந்தபோது அது அவருக்கு உதவவில்லை.

லூசியானா நிலப்பரப்பை வாங்கித் தந்தவருக்கா ஆயத்தப் படி மறுத்தார்கள்?

முதலில் ஒரு திருத்தம். லூசியானாவை அவர் ஒருவர் வாங்கவில்லை. பாரிஸில் ஏற்கெனவே தூதராக இருந்த ராபர்ட் லிவிங்ஸ்டன் பேச்சை நடத்திக்கொண்டிருந்தார்; மன்றோ தனித் தூதராக 1803 ஏப்ரல் 12இல் பாரிஸ் வந்தபோது நெப்போலியன் முழு நிலப்பரப்பையும் விற்க முன்வந்திருந்தார். ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தத்தின்படி விலை 1.5 கோடி டாலர். இந்தப் பயணத்துக்குப் புறப்படக் கையில் பணமில்லாமல், தம் வெள்ளிப் பாத்திரங்களையும் பீங்கான் சாமான்களையும் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு விற்றுவிட்டுத்தான் மன்றோ கிளம்பினார். மேடிசன் அப்போது வெளியுறவுச் செயலர், அதாவது மன்றோவுக்குக் கட்டளை அனுப்ப வேண்டியவர். அரசுக் கருவூலத்தின் வேகம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பாரிஸ் வேலை முடிந்ததும் நாடு திரும்பாமல் நேராக லண்டனுக்குத் தூதராகப் போகும்படி கட்டளை வந்தது. 1805இல் புளோரிடா எல்லைத் தகராறு பற்றிப் பேச மாட்ரிட் போய், வெறுங்கையோடு திரும்பினார். ஒவ்வோர் ஊரிலும் புதிதாகக் குடித்தனம், அந்த ஊர் அரசவையின் ஆடம்பரத்துக்கேற்ற செலவு. பிரான்சுக்குக் கொடுத்த ஆயத்தப் படி லண்டனுக்கும் போதும் என்று சொல்ல முடியுமா? அவருடைய பட்டியலிலேயே வலுவான கோரிக்கை இதுதான் என்பது என் தீர்ப்பு. ஒருவரை அமெரிக்காவிலிருந்து புதிதாக லண்டனுக்கு அனுப்பியிருந்தால் முழுப் படியும் தந்திருப்பார்கள். ஏற்கெனவே கடல் கடந்து நின்றவரை மாற்றியதால் அரசுக்குத்தான் மிச்சம்.

சரி, 1807இல் திரும்பியவர் 1825 வரை ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்?

இதுதான் எல்லோரும் கேட்பது. அவருடைய எதிரிகளும் இதையே கேட்டார்கள். முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது சரியில்லை. கணக்குகளில் ஒரு பகுதி அவ்வப்போது பரிசீலிக்கப்பட்டது. தீராமல் நின்றவைதான் நீண்டன. நீண்டதற்குக் காரணம் அவருடைய பதவிகளே.

1797இல் திரும்பியபோது ஆட்சியிலிருந்த ஃபெடரலிஸ்டு கட்சியினர் அவருடைய எதிரிகள். தம்மைத் திருப்பி அழைத்ததைக் கண்டித்து அவர் நீண்ட வெளியீடு ஒன்றை வேறு அச்சிட்டிருந்தார். அந்த நேரத்தில் அவர்களிடம் போய்ச் சலுகை கேட்க வழியில்லை. 1803 முதல் 1807 வரை அவர் நாட்டிலேயே இல்லை. திரும்பியபோது நண்பரும் அப்போதைய அதிபருமான தாமஸ் ஜெஃபர்சனோடு மனக்கசப்பு. அவர் லண்டனில் பேசி முடித்த ஒப்பந்தத்தை ஜெஃபர்சன் செனட்டுக்கே அனுப்பவில்லை. 1811இல் வெளியுறவுச் செயலர் ஆனார். தூதர்களின் கணக்குகளை முதலில் பார்க்க வேண்டிய துறை இப்போது அவருடைய துறையே. தம் பாக்கியைத் தாமே பரிந்துரைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1817இல் அதிபர் ஆனதும் இந்தச் சங்கடம் இன்னும் பெரிதாயிற்று: கணக்கைத் தணிக்கை செய்யும் கருவூல அதிகாரிகள் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்.

கேட்கும் வலிமை இருந்தபோது கேட்பது முறையாக இல்லை. முறையாகக் கேட்கும் காலம் வந்தபோது வலிமை போய்விட்டது. சாட்சி சொல்லக்கூடிய பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். சீட்டுகள் பல கிடைக்கவில்லை.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே?

முடியாது. அரசு தானாகச் சம்மதித்தாலன்றி அதன் மீது வழக்குப் போட முடியாது என்பதே அப்போதைய நிலை. அரசின் மீதான பணக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் 1855இல்தான் அமைந்தது. அதற்கு முன் இரண்டே வழிகள். ஒன்று கருவூலத் தணிக்கையாளர். 1817க்குப் பின் வெளியுறவுத் துறைக் கணக்குகள் ஐந்தாம் தணிக்கையாளர் என்ற அதிகாரியிடம் போயின. சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிராத எதையும் தர அவருக்கு அதிகாரம் இல்லை. அடுத்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனுக் கொடுப்பது. மனு ஏற்கப்பட்டால், அந்த ஒருவரின் பெயரிலேயே ஒரு தனிச் சட்டம் இயற்றி, இன்ன தொகை கொடுக்கவும் என்று கருவூலத்துக்கு ஆணையிடுவார்கள். போர் விதவைகளும், குதிரையை இழந்த உழவர்களும், சரக்கை இழந்த வணிகர்களும் நின்ற அதே வரிசையில்தான் முன்னாள் அதிபரும் நிற்க வேண்டியிருந்தது.

பதவியில் இருக்கும்போதே காங்கிரசுக்குக் கடிதம் எழுதினார் என்கிறார்களே? மேலே நீங்கள் சொன்னதற்கு முரணாக இல்லையா?

எழுதினார்; ஆனால் எப்போது என்று பாருங்கள். 1825 ஜனவரி 5. அடுத்த அதிபருக்கான தேர்தல் நடந்து முடிந்து, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் முடிவு பிரதிநிதிகள் சபையின் கையில் இருந்தது. மன்றோவுக்குப் பதவியில் எஞ்சியிருந்தது இரண்டே மாதம். அந்தச் செய்தியில் அவர் பணத்தை உடனே கொடுங்கள் என்று கேட்கவில்லை. தம் நீண்ட பொதுவாழ்வில் அரசோடு உள்ள எல்லாக் கணக்குகளையும், தமக்கு வர வேண்டியதையும் தம்மிடமிருந்து வர வேண்டியது ஏதும் இருந்தால் அதையும், தாம் உயிரோடு இருந்து விளக்கம் சொல்லக்கூடிய நேரத்தில் ஆராய்ந்து முடித்துவிடுங்கள் என்று கேட்டார். ஆகவே மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. முடிவெடுப்பது அடுத்த ஆட்சியின் காலத்தில் நடக்கட்டும், விசாரணை மட்டும் இப்போதே தொடங்கட்டும் என்ற ஏற்பாடு அது. அப்படிச் செய்ய இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த பதிலில் வருகிறது.

வெள்ளை மாளிகை நாற்காலி மேசை ஊழல் என்று ஒன்று உண்டாமே?

ஊழல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஒழுங்கீனம் இருந்தது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை அதிபர் மாளிகையைக் கொளுத்தியது. 1817இல் மன்றோ குடியேறியபோது உள்ளே உட்கார நாற்காலியில்லை. காங்கிரஸ் முதலில் 20,000 டாலரும் மறு ஆண்டு 30,000 டாலரும் ஒதுக்கியது. பிரான்சிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்கள் வந்து சேரும்வரை, பாரிஸில் தாம் வாங்கியிருந்த சொந்தச் சாமான்களை மதிப்பிடச் செய்து அரசுக்குக் கொடுத்து, ஏறத்தாழ 9,000 டாலரை அந்த நிதியிலிருந்து மன்றோ பெற்றுக்கொண்டார். நிதியைக் கையாண்ட அதிகாரி சாமுவேல் லேன் 1822இல் இறந்தார். பார்த்தால் அவருடைய கணக்கில் பெரும் தொகை இடித்தது. அதிபரின் பணமும் மாளிகையின் பணமும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

டென்னசியைச் சேர்ந்த உறுப்பினர் ஜான் காக் தலைமையிலான குழு இதை விசாரித்தது. விளக்கம் தர வரும்படி அவர் ஆள் அனுப்பியபோது, அந்த மனிதர் ஓர் அயோக்கியர், அதுவே என் பதில் என்று மன்றோ சொல்லி அனுப்பினார் என்பதை அவருடைய வெளியுறவுச் செயலர் ஜான் குயின்சி ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பொதுவாக நிதானம் தவறாதவர் என்று பெயரெடுத்தவரை இது எவ்வளவு சுட்டிருக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிகிறது. தம் பெயரில் கறை ஒட்டிக்கொண்டு பதவியை விட்டுப் போகக் கூடாது என்ற கவலை, 1825 ஜனவரிச் செய்தியில் பணக் கவலைக்கு இணையாகவே இருந்தது.

கடைசியில் எவ்வளவுதான் கொடுத்தார்கள்?

இரண்டு தவணை என்று சொல்லலாம், ஆனால் தவணையாகத் திட்டமிட்டதன்று. 1826இல் காங்கிரஸ் ஏறத்தாழ 29,500 டாலரை அனுமதித்தது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். மிச்சத்தை மன்றோ விடவில்லை. 1828இல் சார்லட்ஸ்வில் நகரில், தம் தீராத கோரிக்கைகளைக் கடிதங்களோடும் விவரங்களோடும் விளக்கும் ஒரு வெளியீட்டை அச்சிட்டார். வர்ஜீனியாவில் அவருடைய ஆல்பமார்ல் வட்டாரத்துக் குடிமக்கள் அவர் சார்பில் மனு அனுப்பினார்கள். 1831 தொடக்கத்தில் காங்கிரஸ் மேலும் 30,000 டாலர் அனுமதித்தது.

வட்டி கேட்டது கொஞ்சம் அதிகமில்லையா?

சட்டப்படி பார்த்தால் அவருடைய கோரிக்கைகளில் மிகப் பலவீனமானது இதுதான். சட்டமோ ஒப்பந்தமோ வெளிப்படையாகச் சொன்னாலன்றி, தன் பாக்கிக்கு அரசு வட்டி தருவதில்லை என்பது கருவூலத்தின் பழைய வழக்கம். ஒருவருக்குக் கொடுத்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று உறுப்பினர்கள் அஞ்சியதில் பொருள் உண்டு.

மன்றோவின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அந்தப் பணம் அவர் பெட்டியில் தூங்கிய பணம் அன்று. வட்டிக்கு வாங்கிச் செலவழித்த பணம். அரசு தர வேண்டியதைத் தராததால் அவர் கட்டிய வட்டியும் செலவுதானே என்று கேட்டால், எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நீண்டதில் அவருடைய தயக்கத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் தயக்கம் மரியாதைக்குரியதே ஆனாலும், அதற்கான முழு வட்டியையும் கருவூலத்தின் தலையில் கட்டுவது கடினம். அசலில் பெரும்பகுதி நியாயம், வட்டியில் ஒரு பகுதி நியாயம் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிற்காலத்தில் இந்தக் கணக்குகளைத் துருவி ஆராய்ந்தவர்களில், பெரும்பாலான கோரிக்கைகளே ஆதாரமற்றவை என்று என்னைவிடக் கடுமையாகச் சொன்னவர்களும் உண்டு.

அவர் கடனாளியானதே இந்தத் தூதுப்பணிகளால்தானா?

அவர் அப்படித்தான் நம்பினார். அது பாதி உண்மை. மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவின் மற்ற பெருநிலக்காரர்களைப் போலவே அவருக்கும் நிலம் அதிகம், ரொக்கம் குறைவு. வெளிநாட்டிலும் தலைநகரிலும் இருந்த காலமெல்லாம் தோட்டங்களை மேற்பார்வையாளர்கள் நடத்தினார்கள், விளைச்சல் செலவுக்குப் போதவில்லை. 1819 நிதி நெருக்கடிக்குப் பின் நில விலை சரிந்தது. ஹைலண்ட் என்ற தம் ஆல்பமார்ல் தோட்டத்தை 1820களின் பிற்பாதியில் அவர் இழந்தார்.

பரிவோடு இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். கடனை அடைக்க 1828இல் ஹைலண்டின் அடிமைகளில் பலரை புளோரிடாவில் தோட்டம் வைத்திருந்த ஜோசப் ஒயிட்டுக்கு மன்றோ விற்றார். அரசு தமக்குத் தர வேண்டிய கூலியைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஒருநாளும் கூலி பெறாத மனிதர்கள் அவருடைய கடனுக்காக நூற்றுக்கணக்கான மைல் தெற்கே போனார்கள். அரசின் மீதான கோரிக்கையின் நியாயம் இதனால் மாறிவிடாது. ஆனால் "கடனுக்காக எல்லாவற்றையும் இழந்தவர்" என்ற வரியை இதைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

இவர் ஒருவருக்கு மட்டும்தான் இப்படி நடந்ததா?

இல்லவே இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிரான்சிலிருந்து 1785இல் திரும்பினார். கணக்கை முடித்துக்கொடுங்கள் என்று 1788இல் எழுதினார். 1790இல் இறக்கும்வரை அது முடியவில்லை. விடுதலைப் போரின்போது பிரான்சில் ஆயுதம் வாங்கிய சைலஸ் டீன் 1789இல் அவப்பெயரோடு இறந்தார். 1842இல்தான் காங்கிரஸ் அவருடைய வாரிசுகளுக்கு 37,000 டாலர் கொடுத்தது. மன்றோவுக்கே துணை அதிபராக இருந்த டேனியல் டாம்ப்கின்ஸ், 1812 போரில் நியூயார்க் ஆளுநராகத் தம் சொந்தக் கையொப்பத்தில் கடன் வாங்கிப் படைக்குச் செலவழித்தார். சீட்டுகளை ஒழுங்காக வைக்காததால் அவரே அரசுக்குக் கடன்பட்டவர்போல ஆனார். பதவி முடிந்த சில மாதங்களில், 1825 ஜூனில், உடைந்துபோய் இறந்தார்.

எதிர் எடுத்துக்காட்டு ஜார்ஜ் வாஷிங்டன். போர்க்காலத்தில் சம்பளம் வேண்டாம், செலவு மட்டும் போதும் என்றார். எட்டு ஆண்டுச் செலவையும் தம் கையாலேயே எழுதிவைத்து 1783இல் ஒப்படைத்தார். தணிக்கையில் வந்த வேறுபாடு ஒரு டாலருக்கும் குறைவு, அதுவும் அவருக்குச் சாதகமாக. சீட்டு இருந்தால் நன்றியுணர்வு தேவைப்படாது என்பதை இந்தப் பெயர்களை அடுத்தடுத்துப் படித்தாலே உணரலாம்.

1831இல் கொடுத்தது பாக்கியா, கருணையா?

கேள்விகளில் கடினமானது இதுவே. மன்றோ கடைசிவரை இதைத் தம் உரிமை என்றே சொன்னார். லஃபாயெத் தம் நிலத்தை விற்று உதவ முன்வந்தபோது ஏற்கவில்லை. தானம் வாங்க மறுத்தவர், காங்கிரசிடம் தானமாக எதையும் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் தணிக்கையாளரின் பேரேட்டில் தேறாத தொகைகளைக் காங்கிரஸ் எந்த அடிப்படையில் கொடுத்தது? ஒவ்வோர் இனத்தையும் கூட்டிக் கழித்து வந்த விடையாக 30,000 என்ற முழு எண் வருவது அரிது. அந்த முழு எண்ணே, சபை கணக்கைவிட மனிதரைப் பார்த்துக் கொடுத்தது என்பதைக் காட்டுகிறது. அதற்குள் எலிசபெத் மன்றோ 1830 செப்டம்பரில் இறந்திருந்தார். மன்றோ நோயோடு நியூயார்க்கில் இளைய மகள் வீட்டில் இருந்தார். அரசியல் பகையும் ஒரு காரணமாகக் குறுக்கே நின்றது. அப்போதைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆதரவாளர்களில் பலர் மன்றோமேல் அன்பு கொண்டவர்கள் அல்லர். அவர் பாக்கி என்று கேட்டார், சபை நன்றி என்று கொடுத்தது. இரண்டு தரப்பும் எதற்கு இந்தப் பணம் என்பதில் ஒத்துப்போகாமலேயே தொகை கைமாறியது என்பதுதான் நான் புரிந்துகொண்ட அளவில் சரியான பதில்.

பணம் வந்த பிறகாவது நிம்மதியாக இருந்தாரா?

பெருமளவு கடன் கொடுத்தவர்களுக்குப் போயிற்று. 1831 ஏப்ரலில் அவர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், லௌடன் வட்டாரத்திலுள்ள ஓக் ஹில் தோட்டத்தை விற்கப்போவதாகவும், இனி இருவரும் சந்திக்க வாய்ப்பில்லை என்று வருந்துவதாகவும் எழுதினார். அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். ஓக் ஹில் அப்போதும் விலைபோயிருக்கவில்லை.

இறந்த பிறகு குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்ததா? இன்று இப்படி நடக்க வாய்ப்பு உண்டா?

அவருடைய கடிதங்களையும் ஆவணங்களையும் 1849இல் காங்கிரஸ் 20,000 டாலருக்கு வாங்கியது. மேடிசனின் ஆவணங்களை அவர் மனைவி டாலியிடமிருந்து வாங்கியதும் இதே வழக்கப்படிதான்: முன்னாள் அதிபரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் தர மனமில்லாத சபைக்கு, காகிதங்களை விலைக்கு வாங்குவது கௌரவமான வழியாக இருந்தது.

இன்று அதே வடிவில் நடக்காது. 1855இல் வந்த கோரிக்கை நீதிமன்றத்தைப் பற்றி முன்னரே சொன்னேன். தூதரகச் செலவுகள் இப்போது தூதரின் சட்டைப்பையைத் தொடுவது குறைவு. 1958 சட்டம் முன்னாள் அதிபருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் ஓய்வூதியத்தோடு தொடங்கியது. மன்றோ பதவியில் இருந்தபோது வாங்கிய சம்பளமும் அதே தொகைதான்.